காத்தமுத்து, 2011

கணக்குப்படி நான் மூன்று பேர்.
தரவுத்தளத்தில் தட்டினால்
கா. திலகேஸ்வரி என்றொருத்தி, இருபத்து மூன்று கட்டுரை.
திலகேஸ்வரி ஏ. பி. என்று இன்னொருத்தி, பதினொன்று.
இன்னார் மகள் என்று அடையாள அட்டை சொல்லும் ஏ/பி-யை
எவனோ முதலெழுத்து என்று எண்ணிவிட்டான்.
மூன்றாவது ஆள் ஆண்.
காத்தமுத்து டி.
ஒரே கட்டுரை,
முந்நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்.

பதவி உயர்வு விண்ணப்பம்
வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு மூடுகிறது.
பகாவில் அப்பா வீட்டு வைஃபை
செம்பனை லோரி கடக்கும்போதெல்லாம்
கண்ணை மூடித் திறக்கிறது.

கட்டுரை இவ்வளவுதான்:
ரப்பர்க்காய் வெடித்தால்
விதை எத்தனை தூரம் போகும்.
தாவரவியலார் படிப்பார்கள் என்று நினைத்தேன்.
படித்தார்கள், ஒன்பது பேர்.
மற்றவர்கள் யாரென்று பார்த்தால்
குதிக்கும் இயந்திரம் செய்யும் கொரியப் பொறியாளர்கள்,
மூடி தெறிக்காத மருந்துப் புட்டிக்கு வழி தேடும் ஒரு குழு,
காது மருத்துவர் ஒருவர்
(வெடிச்சத்தம் எத்தனை டெசிபல் என்று
அடிக்குறிப்பில் போட்டுவைத்திருந்தேன்),
அப்புறம் புலம்பெயர்வு பற்றி எழுதும் ஒரு சமூகவியலாளர்.
தாய்மரத்தின் நிழலில் விழுந்த விதை பிழைக்காது
என்று நான் எழுதாத வரியை எழுதி
பக்கத்தில் காத்தமுத்து என்று சாட்சி வைத்திருக்கிறார்.

முந்நூற்றுப் பன்னிரண்டில்
நானே என்னைச் சுட்டியது இருபத்தாறு.
பாலில் தண்ணீர்.
பால் ஸ்டோரில் மெட்ரோலாக் மிதக்கவிட்டவர் அப்பா,
வாளி கொண்டுவந்த முகத்தைப் பார்த்தே
எத்தனை குவளை கலந்தது என்பார்.
அவர் எதிரில் உட்கார்ந்திருந்ததால்
கழித்து எழுதினேன். இருநூற்று எண்பத்தாறு.

"காத்தமுத்து காட்டியதுபோல" என்று
ஒரு வரியைத் தமிழாக்கி வாசித்தேன்.
மைலோ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
"நான் என்னாத்தக் காட்டுனேன்?"

அடுத்தது நார்வேக்காரர்:
"காத்தமுத்து கூறும் இருபது மீட்டர் நம்பத்தக்கதல்ல."
குவளை மேசையில் இறங்கியது.
"யாரவன்? வெயில் ஏறுனப்புறம்
தீம்பாருல நின்னு பாத்தானா?
ஈரக் காய எங்கியாச்சும் சூட்டுப்பொட்டியில வச்சிருப்பான்."

ஆய்வுமுறைப் பகுதியைத் திறந்தேன்.
மின்னடுப்பு. அறுபது டிகிரி.

கடைசிப் பக்கத்தை அவருக்குக் காட்டவில்லை.
அங்கே நன்றி இருக்கிறது
நிதி தந்த அமைச்சுக்கு, புலத் தலைவருக்கு,
தராசு இரவல் தந்த ஆய்வுக்கூடத்துக்கு,
உள்ளே விட்டதற்காக எஸ்டேட் மேனேஜருக்கும்.
பதினாலாம் நம்பர் சரிவில்
டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி
ஐந்து வாரம் குனிந்து நிமிர்ந்தவருக்கு இல்லை.
அப்பா பெயரைப் போட்டால்
ஆராய்ச்சி வீட்டுப்பாடம்போல் தெரியும் என்று
அன்று ஒரு கூச்சம்.

போடாத பெயரைத்தான்
பொறியாளரும் மருத்துவரும்
பதினேழு நாடுகளில் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள்,
"அவர்" என்றும்,
இரண்டு இடத்தில் "பேராசிரியர்" என்றும்.

இம்மூவரும் ஒருவரா? கேட்கிறது திரை.
ஆம் என்றால் என் குறியீட்டெண்
பதினொன்றிலிருந்து பதினாறுக்கு ஏறும்.
காத்தமுத்து டி. இல்லாமல் போவார்.
லோரி ஒன்று கடக்கிறது.
சுற்றுகிறது, சுற்றுகிறது, மறுபடி அதே கேள்வி.

மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
அப்பா என் தோளுக்கு மேலாகக் குனிகிறார்.
"தூரம் எவ்வளவுன்னு போட்ட?"
"இருபது மீட்டர். அதுதான் அதிகபட்சம்."
"அதுக்கு மேலயும் போச்சே,
லாலாங் புல்லுக்குள்ள விழுந்துச்சே, நீ பாக்கல?
இருபதோட டேப்பு முடிஞ்சிருச்சு."